முதுமையும் தொடைத் தசையும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 63. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் வசிக்கிறேன். சைவம்தான், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன். மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரையும் எடுத்துவருகிறேன். இரண்டும் கட்டுப்பாட்டில் உள்ளன. ஓராண்டாக, இரவு 7 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் 11 மணி வரை எதுவும் சாப்பிடாமல் 16 மணி நேர விரதம் இருக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எடை 58 கிலோவிலிருந்து 52 ஆகிவிட்டது. ஆனால் தரையில் அமர்ந்து பூஜை முடித்து எழும்போது பீரோவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குக்கரை ஒரு கையால் இறக்க முடிவதில்லை. என் மாமியார் 81 வயதில் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஏழு மாதம் படுத்த படுக்கையாக இருந்து காலமானார். அந்த நிலை எனக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி எண்எம்என், ரெஸ்வெரட்ரால் என்ற இரண்டு கேப்சூல்களை அனுப்பியிருக்கிறான். அவற்றைச் சாப்பிடலாமா? விரதத்தைத் தொடரலாமா? என் பிறந்த வீட்டில் பலரும் எண்பதைத் தாண்டியவர்கள். ஆயுள் என்பது பரம்பரையிலேயே தீர்மானமாகிவிடுவதா?

பதில்: அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டவை, போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பீரோவும் குக்கரும்தான். முதியோர் நல மருத்துவத்தில், நோயாளி அறைக்குள் நுழைவதற்கு முன்பே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. பெயரைச் சொல்லி அழைத்ததும் வெளியில் இருக்கும் பெஞ்சிலிருந்து அவர் எப்படி எழுகிறார், கையை ஊன்றி எழுகிறாரா, எழுந்ததும் ஒரு கணம் நின்று நிதானித்துக்கொள்கிறாரா, வாசற்படியை எப்படித் தாண்டுகிறார் என்று பார்த்தாலே, கையில் இருக்கும் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் சொல்லாத பலவற்றை அறிந்துகொள்ள முடியும். உங்கள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருப்பது நல்ல செய்தி. ஆனால் உங்களுடைய அடுத்த இருபது ஆண்டுகள் எப்படி அமையும் என்பதில் பெரும்பங்கு வகிக்கப்போவது உங்கள் தொடைத் தசை. அதைத்தான் நீங்கள், நல்ல எண்ணத்துடனேயே, ஓராண்டாக இழந்துவருகிறீர்கள் என்று அஞ்சுகிறேன்.

முதலில் பரம்பரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் இணைகளின் ஆயுளை ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு, மனிதருக்கு மனிதர் ஆயுள் வேறுபடுவதில் ஏறத்தாழ கால் பங்குதான் மரபணுக்களால் வருவது என்று கணித்தது. அந்த விகிதம் கூடுதலா குறைவா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், உணவு, உழைப்பு, நோய், வாழும் சூழல் ஆகியவற்றுக்கு நிறையவே இடம் மிஞ்சுகிறது. உங்கள் பிறந்த வீட்டார் எண்பதைத் தாண்டியது உங்களுக்கு ஓர் அனுகூலம்தான். ஆனால் அந்த எண்பதை நடமாட்டத்துடன் எட்டுவோமா, பிறர் கையைப் பற்றிக்கொண்டு எட்டுவோமா என்பதைப் பரம்பரை மட்டும் முடிவு செய்வதில்லை.

மூப்பு என்பது உடலில் எங்கோ ஓரிடத்தில் நிகழும் ஒற்றைப் பழுது அன்று. மனிதச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் அவை சுமார் 40 முதல் 60 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லியோனார்ட் ஹேஃபிளிக் 1961இல் காட்டினார். ஒவ்வொரு பிரிவின்போதும் குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் சிறிது குறைவதே இதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. கார்லோஸ் லோபெஸ்-ஓட்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் மூப்புக்கு ஒன்பது அடையாளக் கூறுகளை வகுத்தார்கள். 2023இல் அவற்றைப் பன்னிரண்டாக விரித்தார்கள். மரபணுக்களில் சேரும் சேதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் தளர்ச்சி, பழுதான புரதங்களைச் செல் தானே அகற்றிக்கொள்ளும் வேலை மந்தமாவது, பிரிவதை நிறுத்தியும் இறக்காமல் தங்கி அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டிருக்கும் செல்கள் பெருகுவது, உடல் முழுவதும் ஓயாமல் நீடிக்கும் மெல்லிய அழற்சி ஆகியவை அவற்றுள் சில. இவை ஒன்றையொன்று தூண்டுபவை. ஆகவே இவற்றில் ஏதேனும் ஒரு கண்ணியை மட்டும் ஒரு கேப்சூலால் திருத்தி மூப்பையே நிறுத்திவிடலாம் என்ற வாக்குறுதியை எப்போதும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும்.

உங்கள் மகன் அனுப்பிய இரண்டையும் இந்தப் பின்னணியில் பாருங்கள். ரெஸ்வெரட்ரால் என்பது திராட்சைத் தோலில் உள்ள ஒரு பொருள். அது ஈஸ்டின் ஆயுளை நீட்டுகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. அதை ஒட்டி மருந்து தயாரிக்க முயன்ற ஒரு சிறு நிறுவனத்தை 2008இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் அந்தச் சிறு நிறுவனத்தின் அலுவலகம் மூடப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய மூப்பியல் நிறுவனம், இத்தகைய பொருள்களை மூன்று தனித்தனி ஆய்வுக்கூடங்களில் ஒரே முறையில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அச்சோதனையில் ரெஸ்வெரட்ரால் ஆரோக்கியமான எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. எண்எம்என் போலவே, செல்கள் ஆற்றல் பெறத் தேவையான என்ஏடி என்னும் பொருளை உடலில் கூட்டுவதற்காகத் தரப்படும் நிகோடினமைடு ரைபோசைடும் கூட்டவில்லை. அதே திட்டத்தில் ராபமைசின் என்ற மருந்து வயதான எலிகளின் ஆயுளையும் கூட்டியது என்று 2009இல் தெரியவந்தது உண்மைதான். ஆனால் அது உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் மருந்து. மூப்பைத் தடுப்பதற்கென்று யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடத் தக்கது அன்று.

எண்எம்என் சாப்பிட்டால் இரத்தத்தில் என்ஏடி அளவு உயர்கிறது என்று மனிதர்களிடம் நடத்திய சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு உயர்வதால் வலிமையோ ஆயுளோ கூடுகிறது என்பது அவற்றால் நிறுவப்படவில்லை. ரெஸ்வெரட்ராலைப் பற்றி நீங்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. கோபன்ஹேகனில் சுமார் 65 வயதுடைய ஆரோக்கியமான ஆண்கள் 27 பேருக்கு எட்டு வாரம் கடுமையான உடற்பயிற்சி அளித்தார்கள்; சிலருக்கு அதனுடன் தினமும் ரெஸ்வெரட்ராலும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, பயிற்சியால் இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டிலும் கிடைத்த நன்மைகளை ரெஸ்வெரட்ரால் மட்டுப்படுத்தியிருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், பயிற்சி செய்ய வேண்டிய நிலையில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்துகிறது. எனவே அந்த இரண்டு கேப்சூல்களும் வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. உங்கள் மகனின் அக்கறையை நான் மதிக்கிறேன். அவர் மாதந்தோறும் அதற்குச் செலவிடும் பணத்தை உங்கள் உணவுக்கும், தேவைப்பட்டால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் செலவிடச் சொல்லுங்கள்.

விரதத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன் அறிவியலில் உண்மையும் இருக்கிறது. உணவைக் குறைத்த எலிகள் அதிக நாள் வாழ்கின்றன என்று கிளைவ் மெக்கே 1935இலேயே அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினார். பட்டினி கிடக்கும்போது செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் வழிமுறையை விளக்கியதற்காக ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குரங்குகளிடம் வந்தபோது முடிவுகள் முரண்பட்டன. விஸ்கான்சினில் நடந்த ஆய்வு நன்மை இருப்பதாக 2009இல் கூறியது. தேசிய மூப்பியல் நிறுவனத்தின் ஆய்வு, உணவைக் குறைத்தும் ஆயுள் கூடவில்லை என்று 2012இல் கூறியது. மேலும், ஆய்வுக்கூண்டில் வாழும் விலங்கு ஈரத் தரையில் வழுக்கி விழுவதில்லை. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் பத்து நாள் படுப்பதில்லை. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இவை இரண்டும் நேரக்கூடியவை. அப்போது உடல் நம்பியிருப்பது தசையில் உள்ள இருப்பைத்தான்.

16 மணி நேர விரதத்தை மனிதர்களிடம் நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. உடல் எடை கூடிய 116 பேர் பன்னிரண்டு வாரம் அதில் பங்கேற்றார்கள். விரதம் இருந்தவர்களின் எடை சிறிதளவே குறைந்தது. அவர்களில் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்து உடலமைப்பை அளந்த பிரிவினரிடம், குறைந்த எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் கொழுப்பாக இல்லாமல் தசை முதலான கொழுப்பற்ற பகுதியாக இருந்தது. எந்த முறையில் எடையைக் குறைத்தாலும் சிறிது தசை போகத்தான் செய்யும்; ஆனால் வழக்கமாக அது நான்கில் ஒரு பங்கு அளவில் இருக்கும். உங்கள் ஆறு கிலோவில் எவ்வளவு தசை என்று அளந்து பார்க்காமல் நான் சொல்ல முடியாது. இருந்தாலும் பீரோவையும் குக்கரையும் சேர்த்துப் பார்க்கும்போது அது சிறிய பங்காக இருக்காது என்றே கருதுகிறேன். தராசில் எடை குறைவதைக் கண்டு அனைவரும் உங்களைப் பாராட்டியிருப்பார்கள். எது குறைந்தது என்பதைத் தராசு காட்டாது.

தசை ஏன் இத்தனை முக்கியம் என்று விளக்குகிறேன். நடுவயதிலிருந்தே தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. தசையின் அளவு குறையும் வேகத்தைவிட அதன் வலிமை குறையும் வேகம் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இது இன்னும் விரைவுபடுகிறது. நம் தசைகளில் மெதுவாகவும் நீடித்தும் வேலை செய்யும் இழைகளும், நொடியில் வேகமாகச் சுருங்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. வயதாகும்போது முதலில் மெலிவது வேகமான இழைகளே. அவற்றை இயக்கும் நரம்புகளும் தண்டுவடத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. கால் வழுக்கும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்து உடலைத் தாங்கிக்கொள்வதற்கு இந்த வேகமான இழைகள்தாம் வேண்டும். நிதானமான நடை இவற்றை அவ்வளவாக வேலை வாங்குவதில்லை. அதனால்தான் தினமும் தவறாமல் நடப்பவர்களும் விழுகிறார்கள். நடை இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் மனத்துக்கும் மிக நல்லது. அதை விட வேண்டாம். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் 2019இல் வெளியான ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆனால் நடை மட்டும் போதாது.

தசையின் பணி நிற்பதும் நடப்பதும் மட்டுமன்று. உணவுக்குப்பின் இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றும் சர்க்கரையில் மிகப்பெரும் பங்கு தசைக்குள்தான் செல்கிறது. எனவே தசை குறைந்தால் அதே உணவுக்குச் சர்க்கரை கூடும். ஒல்லியாகத் தோன்றினாலும் வயிற்றில் கொழுப்பும் கைகால்களில் குறைந்த தசையும் இருப்பது நம் நாட்டவரிடம் அதிகம் காணப்படும் உடலமைப்பு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டிருக்கும் நிலையில், எடையைக் குறைத்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொழுப்பு குறைய வேண்டும், தசை நிலைக்க வேண்டும்.

கைப்பிடியின் வலிமைக்கும் இதில் இடம் உண்டு. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. கைப்பிடி வலிமை ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. யார் முன்னதாக இறப்பார்கள் என்பதைச் சிஸ்டாலிக் எனப்படும் மேல் அளவு இரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி வலிமை நன்றாக உணர்த்தியது. கை வலுவாக இருப்பதால் மட்டும் யாரும் நீடித்து வாழ்ந்துவிடுவதில்லை. உடல் முழுவதிலும் உள்ள தசையின் நிலையைக் கை காட்டிக்கொடுக்கிறது. ஆசிய நாட்டு மருத்துவர்கள் 2019இல் வகுத்த அளவுகோலின்படி, பெண்களுக்குக் கைப்பிடி வலிமை 18 கிலோவுக்குக் கீழ் இருந்தாலும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும் தசைக் குறைவு இருக்கிறதா என்று ஆராய வேண்டும். இரண்டாவது சோதனையை வீட்டிலேயே, அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, இன்றே செய்து பார்க்கலாம். தரையில் அமர்ந்து எழுவதையும் பிரேசிலில் இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான அந்த ஆய்வில், அமர்ந்து எழுவதற்கு அதிக ஆதரவு தேவைப்பட்டவர்களிடம் இறப்பு பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. தரையில் அமர்ந்து உண்பதையும் கோலமிடுவதையும் வழக்கமாகக் கொண்ட நம் பெண்கள், முழங்கால் வலி என்றும் வசதி என்றும் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடும்போது, விலையில்லாப் பயிற்சி ஒன்றையும் கைவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். நீங்கள் இன்னும் தரையில் அமர்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

இந்த வயதில் தொடங்கினால் தசை வருமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்கான எடைப் பயிற்சியை எட்டு வாரம் அளித்தார்கள். 1990இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை முடித்த ஒன்பது பேருடைய கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது; நடுத்தொடையின் தசைப் பரப்பு 9 சதவீதம் பெருகியது. அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறீர்கள். அங்கே தந்தது சும்மா கையைக் காலை அசைக்கும் பயிற்சி அன்று, ஒருவரால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை தூக்கவைத்த பயிற்சி என்பதையும் கவனியுங்கள். முதியவர் என்பதற்காக மிக இலகுவான பயிற்சி மட்டும் கொடுத்தால் தசை வளர்வதில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி நாற்காலியிலிருந்து எழுவதே. கைப்பிடி இல்லாத, உட்காருமிடம் கெட்டியான சாப்பாட்டு மேசை நாற்காலியை எடுத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். வெறுங்காலுடன், நாற்காலியின் முன்பாதியில் அமர்ந்து, இரண்டு பாதங்களையும் இடுப்பகலத்துக்குப் பிரித்து, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கும்படி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முயலக் கூடாது. எழுந்து நின்றபின் மிக முக்கியமான பகுதி வருகிறது. பொத்தென்று உட்காராமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்குங்கள். இறங்கும்போது தொடை தாங்கும் பாரம் தசையை நன்கு தூண்டும். எட்டு முதல் பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வுடன் மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கையை ஊன்றாமல் முடியாவிட்டால், உட்காருமிடத்தில் கெட்டியான தலையணையோ மடித்த போர்வையோ போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள். பத்து முறையும் எளிதாகிவிட்டால், இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் அது பயிற்சி.

அதனுடன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவதையும், சுவரில் கையூன்றித் தள்ளுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சமநிலைக்காக, மேடையருகே ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பழகுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் சமநிலையை உள்ளடக்கிய பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. நீங்கள் அதை இப்போதே கைக்கொள்வது நல்லது. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையில் மறுநாள் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. முழங்கால் மூட்டுக்குள் குத்தும் வலி இயல்பானதன்று.

பயிற்சி இருந்தும் புரதம் இல்லாவிட்டால் பயனில்லை. செங்கல் இல்லாமல் கொத்தனாரை வரவழைப்பது போன்றது அது. இந்தியர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று ஐசிஎம்ஆர் 2020இல் பரிந்துரைத்தது. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று மூப்பியல் வல்லுநர்கள் கூறுகிறார்கள். உங்கள் எடைக்கு அது 52 முதல் 62 கிராம். உங்களைப் போல் இரண்டு வேளை உண்பவர்களின் வழக்கமான சாப்பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். பகலில் ஒரு தட்டுச் சோற்றில் 8 அல்லது 9 கிராம். சாம்பாரில் விழும் பருப்பு ஓர் ஆளுக்கு 15 கிராம் இருந்தால் அதில் 3 கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு கிண்ணம் தயிரில் 3 அல்லது 4. மாலைக் காப்பியில் உள்ள பாலில் 3. இரவு மூன்று இட்லியில் சுமார் 6. பொரியலையும் சட்னியையும் சேர்த்தாலும் மொத்தம் முப்பது கிராமைத் தாண்டுவது கடினம். சாம்பார் தினமும் இருப்பதால் பருப்பு போதுமான அளவு சேர்கிறது என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. நம் சாம்பாரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் புளியும் காயும்தான்.

எனவே காலை உணவை மீண்டும் தொடங்குங்கள். இரவு 7 மணிக்கு உண்டு காலை 7 மணிக்கு உண்டால் பன்னிரண்டு மணி நேர இடைவெளி கிடைக்கிறது, அதுவே போதுமானது. வயதான தசைக்கு ஒரு வேளையில் சிறிதளவு புரதம் வந்தால் அது விழித்துக்கொள்வதில்லை. வேளைக்கு 20 முதல் 25 கிராம் சேரும்போதுதான் நன்றாக வளரத் தொடங்குகிறது. காலையில் இரண்டு இட்லிக்கு இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்த்தால் 20 கிராமை எட்டிவிடலாம். முட்டை வேண்டாத நாளில், பருப்பைத் தாராளமாகப் போட்ட அடையோ பெசரட்டோ தயிருடன் உண்ணலாம். பகலில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கெட்டியான பருப்பையோ பயறு போட்ட கூட்டையோ ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம் கிடைக்கும். பனீர், மீல் மேக்கர், வேர்க்கடலை ஆகியவையும் உதவும். டின்னில் விற்கும் புரதப் பொடி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு, அதிலும் சைவ உணவினருக்கு, பி12 குறைவது சாதாரணம். குறைந்தால் பாதத்தின் உணர்வு மங்கி நடை தள்ளாடும். அதையும் வைட்டமின் டியையும் ஒருமுறை பாருங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனும் உங்கள் வயதில் எடுத்துவைக்க வேண்டியதே.

நீண்ட வாழ்வைப் பற்றிய பேச்சில் சாதாரணமாக விடுபட்டுப்போகும் உறுப்பு காது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல், நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. அவற்றுள் காது கேட்கும் திறன் குறைவதும் கெட்ட கொழுப்பும் முதலிடத்தில் இருந்தன. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் காதைப் பரிசோதியுங்கள். கருவி தேவை என்றால் வெட்கப்படாமல் அணியுங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. ஊறுகாயும் அப்பளமும் அதில் அடக்கம். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்குவது இரவில் விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம்; அதைச் செய்யவே கூடாது. நீங்கள் தனியாக வசிக்கிறீர்களா என்று எழுதவில்லை. தனியாக இருந்தால், அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு நாற்காலிப் பயிற்சியைச் செய்யுங்கள். பள்ளியை நடத்திய உங்களுக்கு அது கடினமாக இருக்காது. பயிற்சியும் தவறாது, பேச்சுத் துணையும் கிடைக்கும். தனிமையும் அந்த 14 காரணிகளில் ஒன்று.

காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்து படுக்க நேர்ந்தாலும் இவற்றை மறக்க வேண்டாம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த 2007ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. "வயசானவங்க, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அன்பினால் சொல்லும் உறவினர்கள் செய்வது பல நேரங்களில் தீங்காகவே முடிகிறது. மருத்துவர் தடுக்காதவரை, எழுந்து உட்காரவும் கழிவறைக்கு நடக்கவும் நாளுக்குப் பலமுறை முயல வேண்டும். வீட்டிலேயே பிசியோதெரபி தேவைப்படும் நிலை யாருக்கேனும் வந்தால், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கும் வழியிருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. எடை ஆறு கிலோ குறைந்திருப்பதால், முன்பு உங்களுக்குப் பொருத்தமாக இருந்த கொதிப்பு மாத்திரையின் அளவு இப்போது கூடுதலாக இருக்கக்கூடும். இரவில் படுக்கையிலிருந்து எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கினால், தசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் தலைசுற்றி விழ நேரும். எனவே இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, ஐந்து நிமிடம் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மாத்திரையை அவர் மாற்றியமைப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம். காலை உணவை மீண்டும் தொடங்கப்போவதையும் அவரிடம் சொல்லி, சர்க்கரை மாத்திரையை எந்த வேளையில் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்தபின், ஐந்து முறை எழுந்து அமர எத்தனை விநாடி ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.